ஆப்பிள் மரத்தில் சிவப்பு நூல்

— கைய விரி விமலா.

— என்ன ரோசரி அக்கா இது, வந்ததும் வராததுமா? இன்னைக்கு வேலைக்குப் போகலையா?

— ஹாஃப் டே எடுத்துட்டு வந்தேன். நீ மொதல்ல கைய விரி.

— துணி தைக்கிற நூலுதான்க்கா. சும்மா லா.

— துணி தைக்கிற நூல வச்சுக்கிட்டு எம் வீட்டுக்குள்ள என்ன தச்ச? எம் புருஷனையா?

— மெதுவாக்கா. கேப்ரியல் அண்ணன் உள்ள தூங்குறாரு.

— தூங்கட்டும். இந்தக் கத்தரிக்கோலு எதுக்கு?

— நூல வெட்டத்தான்.

— செவப்பு நூலு. நான் நெனச்சது சரியாப் போச்சு. மூணு வாரமா பால்கனியில என் ஆப்பிள் மரத்துல தொங்குறது இதே நூலு. மாதாவே, கையும் களவுமா புடிச்சிட்டேன்!

— அக்கா, உள்ள போயி ஒக்காந்து பேசலாம். இப்படி நடையில நின்னுக்கிட்டு...

— ஏன், இந்த நாலாவது மாடி பூரா கேக்கட்டுமே. ஒன்ன நம்பித்தானே சாவியக் குடுத்தேன்? நான் பேக்டரியில நிக்கிற நேரத்துல, வலது பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்குற மனுஷனுக்கு மத்தியானம் ஒரு வாயி கஞ்சி ஊட்டி விடுவன்னு.

— ஊட்டாம இருந்தேனா? எட்டு மாசத்துல ஒரு நாளாச்சும் தவறுனேனா?

— தவறல. அதான் சந்தேகமே. சொந்தக்காரங்களே எட்டிப் பாக்கல. கீழ் வீட்டுக்காரி நீ, தெனமும் படியேறி வர்ற. யாரு செய்வா இப்படி?

— மனசு கேக்கல, செஞ்சேன்.

— மனசா? போன வருஷம் அந்த மனசு எங்க போச்சு? எங்க பூந்தொட்டித் தண்ணி ஒழுகி ஒன் துணியில விழுதுன்னு மேனேஜ்மெண்ட் ஆபீசுல புகார் எழுதிக் குடுத்தவதானே நீ?

— அப்ப அண்ணன் நல்லா இருந்தாரு. எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. புள்ளையோட ஸ்கூல் சட்ட பூரா செம்மண் கறைக்கா, கோவம் வராதா?

— "அந்த மரம் எப்படி உருப்படுதுன்னு பாக்குறேன்"னு சொன்னியா இல்லையா?

— சொன்னேன். கோவத்துல...

— சொன்ன ரெண்டாவது மாசம் மனுஷன் விழுந்தாரு.

— அய்யோ அக்கா! அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. அவருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டரே சொன்னாரு.

— டாக்டரு பாத்தது ஒடம்ப. அவரு எங்க பால்கனிய பாத்தாரா? மொதல்ல எல போச்சு. ரெண்டு மரமும் பச்சப் பசேல்னு நின்னுச்சு. வேலை விட்டு வந்து பாத்தா பத்து எல கம்மி. மறுநாளு இருவது கம்மி. ரெண்டு வாரத்துல மொட்ட மரம். புழு தின்னா ஓட்ட விழும், காத்துல உதிர்ந்தா கீழ கெடக்கும். இது ஒன்னொன்னா யாரோ காம்போட கிள்ளுனது.

— காத்தா இருக்கும்க்கா. நாலாவது மாடி இல்ல?

— காத்து கிள்ளுமா விமலா? சரி, எல போன மரம் சாகணும்ல? பூத்துச்சு! ஒரு எல இல்லாத வெறுங் குச்சியில, வெள்ளையும் ரோசுமா பூ. இந்த புக்கிட் பெருந்துங் ஊரு வெயில்ல ஆப்பிள் பூ! எனக்கு மயிருக் கூச்செறிஞ்சு போச்சு. நல்ல சக்தி பண்ற வேலையா அது?

— அது செடியோட குணம்க்கா. ஆப்பிளுக்கு எலையக் கிள்ளுனாத்தான் பூக்கும்.

— ஒனக்கு எப்படித் தெரியும்? கறிவேப்பிலைய மார்க்கெட்டுல வாங்கித் தாளிக்கிறவ நீ. ஒரு தொட்டி வச்சு நான் பாத்ததில்ல.

— யாரோ சொன்னாங்க.

— யாரு?

— யாரோ லா. ஞாபகம் இல்ல.

— ம். அடுத்தது நூலு. ஒவ்வொரு பூக்காம்புலயும் செவப்பா ஒரு முடிச்சு. கோயிலுக் கடையில விக்கிற மாரியே. அதப் பாத்த ராத்திரியே ஜெபமாலைய எடுத்துத் தொட்டியச் சுத்திப் போட்டேன். காலையில மால ஆணியில தொங்குது. யாரு எடுத்து மாட்டுனது?

— நான் தான். தண்ணி பட்டு வீணாப் போயிரும்னு.

— காலையில ஏழு மணிக்கா? நீ வர்றது மத்தியானம்.

— ...ஆமால்ல.

— ஆமால்ல! தடுமாறுற. இன்னும் கேளு. காது கொடையிற பஞ்சுக் குச்சி. டப்பா வாங்குன மறு வாரமே காலி. எங்க வீட்டுல இருக்குறது நாலு காது. யாரு அத்தன குச்சியால கொடைஞ்சது?

— அக்கா, எனக்கு அடுப்புல கொழம்பு கெடக்கு.

— கொழம்பு கருகட்டும். நேத்து தொட்டிய நவுத்திக் கழுவலாம்னு பாத்தா அடியில ஒரு தாளு. நாலா மடிச்சு, பிளாஸ்டிக்குல சுத்தி. இந்தா, படி.

— எங்கிட்ட ஏன்க்கா...

— நானே படிக்கிறேன். "அன்னா ஏழு, டோர்செட் நாலு." எழுத்தப் பாரு, ஒன்னு மேல போகுது, ஒன்னு கீழ விழுது. பேய் புடிச்சு எழுதுன மாரி. யாரு இந்த அன்னா? எவ அவ? எந்த மந்திரவாதி போமோகிட்ட எழுதி வாங்கிட்டு வந்து என் தொட்டிக்கு அடியில வச்ச?

— அக்கா, சிரிப்பு காட்டாதீங்க.

— சிரிக்கிற! சிரிப்பு வருதா ஒனக்கு?

— அன்னா பொம்பள இல்லக்கா, மரம்! ஆப்பிள்ல அது ஒரு ஜாதி. சின்னத் தொட்டியில நிக்கிறது அன்னா, பெரிய தொட்டியில இருக்குறது டோர்செட். வெயில் ஊருக்குத் தாங்குற ஜாதிங்க. ஒன்னோட மகரந்தத்த எடுத்து இன்னொன்னுல வச்சாத்தான் காய் புடிக்கும். நாலாவது மாடிக்குத் தேனீ எங்க வருது? அதான் பஞ்சுக் குச்சி. எந்தப் பூவுக்கு வச்சாச்சுன்னு அடையாளத்துக்கு நூலு. அன்னாவுல ஏழு பூ, டோர்செட்ல நாலு. போதுமா?

— இவ்வளவும் நீயா செஞ்ச?

— ஆமா.

— என் மரத்துல, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம.

— நல்லது தானேன்னு...

— இந்த எழுத்து ஒன்னோடதா?

— ...ஆமாக்கா.

— மேனேஜ்மெண்ட் ஆபீசுல நீ எழுதிக் குடுத்த புகார் தாள நான் பாத்திருக்கேன் விமலா. முத்து முத்தா இருந்துச்சு. பொய்யாச்சும் ஒழுங்கா சொல்லு.

— அக்கா, காய் வந்தா ஒங்களுக்குத்தானே? அத்தோட விட்டுருங்களேன்.

— விடுறேன். எதுத்த வீட்டு இராஜம்மா சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ. கஞ்சி ஊட்ட அர மணி நேரம் போதும். நீ ரெண்டு மணிக்கு மேலயும் உள்ள இருக்கியாம். சிரிப்புச் சத்தம் கேக்குதாம். ஒன் சிரிப்பு மட்டும் இல்ல, ஆம்பள சிரிப்பு.

— ரேடியோவா இருக்கும்.

— ரேடியோ கெட்டு மூணு மாசம் ஆச்சு.

— அப்ப என் போனா இருக்கும்.

— எவன எம் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்ற? அசைய முடியாத மனுஷன் முன்னாடி, அவரால சொல்ல முடியாதுங்குற தைரியத்துல...

— அக்கா! வாயக் கழுவுங்க! மாரியாத்தா மேல சத்தியமா ஒருத்தனும் வரல. என்னப் பாத்து எப்படிக்கா இப்படி ஒரு பேச்சு வருது ஒங்களுக்கு?

— வராம? நூலு இருக்கு, தாளு இருக்கு, சத்தம் இருக்கு. ஆளு மட்டும் இல்ல. அழுகாத. சொல்லிட்டு அழு.

— என்னால முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— கேக்காதீங்க.

— இந்த வீட்டுல இருக்குறது ஒரே ஒரு ஆம்பள. அவரும் வாயி கோணி, எட்டு மாசமா "ம்"முன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்கா வாக்குக் குடுத்த?

— பேசுறாரு அக்கா.

— என்ன சொன்ன?

— பேசுறாரு. கொழறும், ஆனா புரியும். நல்லா சிரிக்கிறாரு. இந்த எழுத்து அவரோடது. எலையக் கிள்ளுனதும் அவரு, நூலு கட்டுனதும் அவரு, ஜெபமாலைய ஆணியில மாட்டுனதும் அவரு. நான் நூலும் கத்தரிக்கோலும் வாங்கிக் குடுத்தேன், அது மட்டும் தான் என் வேலை.

— எந்தக் கையால?

— எது?

— நூலு கட்டுனது எந்தக் கைன்னு கேக்குறேன்.

— வலது கைதான்க்கா! அதான் அதிசயமே. ஆஸ்பத்திரியில பயிற்சி குடுத்த பொண்ணு வெரல மடக்கி நீட்டச் சொன்னாள்ல? நீங்க காத்து வாங்கட்டும்னு தெனம் காலையில மரத்துப் பக்கத்துல ஒக்கார வச்சுட்டுப் போவீங்களா, சும்மா ஒக்காந்தவரு ஒரு எலையப் புடிச்சுப் பாத்திருக்காரு. மொத நாளு ஒன்னு. அப்புறம் ரெண்டு. லோரி ஓட்டுன காலத்துல கூட வேலை செஞ்ச ஒரு இந்தோனேசியாக்காரரு, மாலாங் மலை ஊரு, அவரு சொன்னதாம். அவங்க மலையில குளிரு காலமே கெடையாதாம். எலைய எல்லாம் உருவிட்டா குளிரு முடிஞ்சுருச்சுன்னு மரம் ஏமாந்து பூத்துருமாம். கைக்குப் பயிற்சியும் ஆச்சு, மரத்துக்கு வேலையும் ஆச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

— பெரிய தொட்டி அந்தக் கோடியில இல்ல இருக்கு?

— செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடப்பாரு. அப்படி நிக்கிறப்பத்தான் நான் பாத்துட்டேன். என் செருப்புச் சத்தம் கேக்கல அவருக்கு. கையெடுத்துக் கும்புட்டு அழுதாருக்கா. "ரோசுகிட்ட சொல்லாத தங்கச்சி"ன்னு.

— நடக்குறாரு.

— மெதுவாத்தான். ஆனா நடக்குறாரு.

— எலையக் கிள்ள ஆரம்பிச்சது எப்ப? தவக்காலம் முடிஞ்ச கையோட இல்ல?

— இருக்கும். ஏன்க்கா?

— அந்த வாரம் தான் அவரக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போயி எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளு எந்திரிக்க முடியல. மக கெய்ட்லின் காஜாங்குலேருந்து லீவு போட்டுட்டு வந்து ரெண்டு பேருக்கும் செஞ்சா. அன்னைக்கு அவரு நடந்தாரா?

— அது... எனக்குத் தெரியலக்கா.

— ஏன் சொல்லக் கூடாதுன்னாரு?

— கேட்டேன். "கை எந்திரிச்சது தெரிஞ்சா ரோசு போயிருவா"ன்னாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல. குணமானா பொண்டாட்டி சந்தோஷப்படுவா, எதுக்குப் போகப் போறான்னு கேட்டேன். மூஞ்சிய மரத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நீங்களாச்சும் சொல்லுங்க, ஏன் அப்படிச் சொன்னாரு?

— கதவத் தொற.

— அக்கா, கோவத்துல ஒன்னும் பேசிறாதீங்க. பாவம், ஆசையா வளத்திருக்காரு.

— கதவத் தொற விமலா. சாவி ஒங்கிட்ட தானே இருக்கு.

— தொறந்துட்டேன். வாங்க. அண்ணே! அக்கா வந்திருக்காங்க.

— ம்.

— "ம்" வேணாங்க. நடையில நாங்க பேசுனது அத்தனையும் ஒங்க காதுல விழுந்திருக்கும். பால்கனி நாற்காலியில தூங்குற மாரி கண்ண மூடாதீங்க.

— ...ரோசு.

— எட்டு மாசம் கழிச்சு என் பேரு வந்திருச்சு.

— ரோசு, கோவப்படாத. நானே சொல்லணும்னு தான்... பழம் பழுத்தப்புறம் சொல்லலாம்னு. இங்க வா. நாலு காய் புடிச்சிருக்கு. எலந்தப்பழம் அளவு இருக்கு. வா, காட்டுறேன். இந்தா, இந்தக் கெளையில பாரு...

— அக்கா! என்னக்கா ஆச்சு? ஏன் செவுத்தோட போயி ஒட்டிக்கிறீங்க? அண்ணன் மரத்தக் காட்டத்தானே கையத் தூக்குனாரு? நீங்க ஏன்க்கா மொகத்த மறைக்கிறீங்க?

— கையக் கீழ போடச் சொல்லு.

— ரோசு, நான் ஒன்னும்...

— கையக் கீழ போடுங்க!

— போட்டுட்டேன். பாரு, மடியில வச்சுட்டேன். பாரு ரோசு.

— அண்ணே, என்ன நடக்குது இங்க?

— வெளங்கலன்னு கேட்டியே விமலா. எனக்கு முன்பல்லு ரெண்டு போச்சே, ஞாபகம் இருக்கா?

— பஸ்ஸு கதவு இடிச்சிருச்சுன்னு... நான் தானே ஐஸ் கட்டி கொண்டாந்து குடுத்தேன்.

— பஸ்ஸு இல்ல. அந்தக் கை.

— அண்ணனா?

— கல்யாணம் ஆனதுலேருந்து. எஸ்டேட் லயத்துல இருக்கிறப்ப செவுரு மெல்லிசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேன்னு கொஞ்சம் அடங்கி இருந்தாரு. இந்த மாடி வீட்டுக்கு வந்தப்புறம் அந்தப் பயமும் போச்சு. செவுரு சிமிட்டி பாரு.

— ரோசு, குடிச்சப்ப...

— குடிக்காதப்பவும். சொல்றேன், கேளுங்க. அவரு விழுந்த அன்னைக்குக் காலையில நான் பையத் தூக்கிட்டு மக வீட்டுக்குக் கெளம்பி வாசல்ல நின்னேன் விமலா. நிப்பாட்ட வந்தாரு. கைய ஓங்குனாரு. ஓங்குன கை பாதியில அப்படியே தொங்கிருச்சு. வாயி ஒரு பக்கம் போச்சு. கீழ விழுந்தாரு.

— அக்கா...

— ஒரு நிமிஷம் நின்னு பாத்தேன். போயிருக்கலாம். பையக் கீழ வச்சுட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டது நான் தான்.

— எனக்குத் தெரியும் ரோசு. எல்லாம் தெரிஞ்சுதான் கெடந்தேன். நீ குளிப்பாட்டுறப்ப எல்லாம் மனசுக்குள்ள அழுவேன். இந்தக் கை எந்திரிச்சுட்டா நீ மறுபடியும் பையத் தூக்கிருவன்னு பயம். அதான் மறைச்சேன்.

— நான் தூக்குனா எனக்கு இடுப்பு ஒடியும்னு தெரியும். தெரிஞ்சே தூக்க விட்டீங்க.

— தப்புதான். ஆனா இந்தக் கை மாறிருச்சு ரோசு. எலைய உருவுறப்ப மொட்டு ஒடையக் கூடாது. பூவத் தொடுறப்ப இதழு கசங்கக் கூடாது. அவ்வளவு மெதுவாச் செய்யணும். இதே கைக்கு அதக் கத்துக் குடுத்திருக்கேன். விமலாவக் கேளு.

— அது உண்மதான்க்கா. அவ்வளவு பொறுமையா...

— நான் இல்லன்னு சொல்லலையே. மாறியிருக்கலாம். மரத்துகிட்ட மாறுனீங்க, விமலாகிட்ட சிரிச்சீங்க. என்ன மட்டும் கட்டிப் போடணும்ல? முன்னாடி அடிச்சுக் கட்டிப் போட்டீங்க. அப்புறம் படுத்துக்கிட்டுக் கட்டிப் போட்டீங்க.

— ரோசு...

— ஒன்னு தெரியுமாங்க? இந்த எட்டு மாசம் ஒங்களுக்குப் பீத்துணி மாத்துனேன், சோறு ஊட்டுனேன், தூக்குனேன். எனக்கு ஒரு நாளும் கஷ்டமாத் தெரியல. வேலை விட்டு வந்து என் வீட்டுக் கதவத் தொறக்குறப்ப நெஞ்சு அடிச்சுக்கல. அதுவே போதும்னு இருந்தேன். மொத எலையக் கிள்ளுன அன்னைக்கே "ரோசு, இங்க பாரு"ன்னு காட்டியிருந்தீங்கன்னா, பயந்திருப்பேன், ஆனா கூடவே சந்தோஷமும் பட்டிருப்பேனோ என்னமோ. இப்பத்தான் நீங்க கையத் தூக்குனீங்க, பாத்தீங்கல்ல, என் ஒடம்பு எங்க போயி ஒண்டுச்சுன்னு?

— பாத்தேன்.

— காயக் காட்டத் தூக்குனீங்கன்னு என் கண்ணுக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியல.

— அண்ணே, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க.

— என்ன சொல்ல? அவ சொல்றது சரி. ரோசு, மன்னிச்சுக்க. ஒன்னு மட்டும் கேக்குறேன். போயிராத.

— விமலா, எங்கிட்ட நீ பொய் சொன்னது சொன்னதுதான். அத அப்புறம் பேசுவோம். இப்ப ஒரு போன் போடு.

— யாருக்குக்கா? கெய்ட்லினுக்கா?

— அவளுக்கு எதுக்கு? கம்போங் குவாந்தான்ல மின்மினிப் பூச்சி பாக்க வர்றவங்களுக்குப் படகு ஓட்டுறாருல்ல, இவரு தம்பி. தனிக்கட்ட, தரையோட இருக்குற வீடு, ஏறி எறங்கப் படிகூடக் கெடையாது. சாயங்காலத்துக்குள்ள வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.

— அவரு எதுக்கு ரோசு வரணும்? நீ காஜாங்குக்குப் போறதுன்னா கெய்ட்லினே வந்து கூட்டிட்டுப் போவாளே. நான் தடுக்க மாட்டேன். சத்தியமா கையத் தூக்க மாட்டேன்.

— வீடு எம் பேருல இருக்குங்க. நான் எங்கயும் போகல. போறது நீங்க.